ஐந்து ரத்தினமும் ஒரு குடும்பமும்

சங்கீத விமரிசகர்கள் பெரும்பாலும் தனி ஆளாகத்தான் கச்சேரிக்குப் போகிறார்கள். முன் வரிசையில் ஒரு நாற்காலி, மடியில் ஒரு குறிப்புப் புத்தகம், முகத்தில் சிறிது அஜீரணம் - இவ்வளவு இருந்தால் அவர்களுக்குப் போதும். குடும்பஸ்தன் சமாசாரம் வேறு. அவன் சங்கீதம் கேட்கக் கிளம்பினால் கூடவே ஒரு பெரியம்மா, ஒரு மனைவி, பாட்டுக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண், பாட்டென்றால் காத தூரம் ஓடும் ஒரு பையன், ஒரு தூக்குப் புளியோதரை, ஒரு ஜமக்காளம் எல்லாம் கிளம்பும். பாடகர் தோடியில் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சமயத்தில், "அப்பா, தண்ணி" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அவனுடைய ரஸனை அந்தக் காந்தாரத்துக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவே எப்படியோ பிழைத்துக் கிடக்க வேண்டும்.

இப்படிக் கேட்பதெல்லாம் ஒரு கேள்வியா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. என்னுடைய கட்சி அதற்கு நேர் எதிரானது. ஒரு கலை உயிரோடிருக்கிறதா, அல்லது உயிரோடிருப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருக்கிறதா என்பதை நிபுணர் நாலு பேர் கூடிச் சொல்லிவிட முடியாது. எழுபது வயதுக் கிழவியும் பன்னிரண்டு வயதுப் பையனும் அதன் எதிரில் உட்கார்ந்து எழுந்த பிறகு என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். குடும்பம் என்பது இரக்கமில்லாத விமரிசகர் கூட்டம். அதற்குப் பாட்டின் ராகம் தெரியாமலிருக்கலாம். எந்த இடத்தில் தனக்குக் கொட்டாவி வந்தது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.

இந்தப் பரீட்சைக்குத் திருவையாற்றைப் போல் ஏற்ற இடம் வேறு இல்லை. சென்னை மார்கழி விழாவில் டிக்கெட் உண்டு, வரிசை எண் உண்டு, இன்ன சபா இன்ன தரம் என்ற ஏற்றத்தாழ்வு உண்டு. தியாகராஜ ஆராதனையில் இவை ஒன்றும் கிடையாது. பாடுகிறவர்களுக்குச் சன்மானம் இல்லை. கேட்கிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. காவிரிக் கரையில் பந்தல் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஆராதனை திதியை ஒட்டி வருவது. புஷ்ய பகுள பஞ்சமி என்றைக்கோ அன்றைக்குத்தான் முடிவு. ஆகையால் இங்கிலீஷ் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். 2025ஆம் வருஷம் ஒரு விசேஷம் நேர்ந்தது. ஜனவரி 14ஆம் தேதி பொங்கல். அன்றைக்கே ஆராதனையும் தொடங்கியது. 18ஆம் தேதி சனிக்கிழமை பஞ்சமி. லீவும் சங்கீதமும் இப்படிக் கைகோத்துக்கொண்டு வருவது அபூர்வம். போகிக்கே தஞ்சாவூர் பக்கத்துக் கிராமத்தில் பெரியம்மா வீட்டில் போய் இறங்கிவிட்டோம். ஏழு நாள். பகலெல்லாம் ஊர் சுற்றுவது, மாலையில் பாட்டுக் கேட்பது என்று ஏற்பாடு.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர் இருக்கும். அந்தச் சின்ன தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாகத் தாண்ட வேண்டும். பையன் ஒவ்வொரு பாலத்திலும் எண்ணிக்கொண்டே வந்தான். ஐயாறு என்ற பேருக்கு அவன் கண்டுபிடித்த அர்த்தத்தைப் புலவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஐயாறப்பர் கோயிலில் ஒரு மூலையில் நின்று உரக்கக் கூப்பிட்டால் ஏழு தரம் எதிரொலிக்கும் என்பது அந்த ஊர்ப் பிரசித்தம். அவன் நாலைந்து தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சுதான் கேக்குது" என்று தீர்ப்புச் சொன்னான். "காது சுத்தமா இருந்தா ஏழும் கேக்கும்டா" என்றாள் பெரியம்மா. சங்கீத விமரிசனம் பற்றி எழுதப்பட்ட பல பெரிய புத்தகங்களின் சாரம் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது.

முதலில் ஆராதனைக் கச்சேரிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் மங்கள இசையோடு தொடங்கி இரவு வெகுநேரம் வரையில் வரிசையாக நடக்கின்றன. ஆளுக்குச் சுமார் இருபது நிமிஷம். பேர்பெற்ற வித்வானும் அவ்வளவுதான், நேற்று அரங்கேறிய குழந்தையும் அவ்வளவுதான். பாடுவது எல்லாம் தியாகராஜருடைய கிருதிகள். இந்த ஏற்பாட்டில் சமத்துவம் இருக்கிறது; சங்கீதம் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. கர்நாடக சங்கீதத்தின் பெருமையே மனோதர்மம். ராகத்தை மெல்ல மெல்ல விரித்து, கேட்கிறவன் மனசையும் கூடவே விரியச் செய்வதற்கு அவகாசம் வேண்டும். இருபது நிமிஷத்தில் தம்புரா சேர்ந்து, மைக் சேர்ந்து, குரல் பதமாவதற்குள் அடுத்த கோஷ்டி படியேறி நிற்கிறது.

என் பெண்ணுக்கு இதில் மிகுந்த கோபம். "ராகம் வர்ற நேரத்துல முடிச்சிடறாங்கப்பா. இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரத்துலேர்ந்து வரணும்?" என்றாள்.

பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கோயில்ல சுண்டல் குடுக்கறாங்க. ஆளுக்கு ஒரு கை. அதை வயிறு நெறைய வாங்கியா சாப்பிடறோம்? குடுத்தவன் சாமிக்குக் குடுத்தான். நமக்கு வந்தது பிரசாதம்" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். இந்த இரண்டு நியாயங்களையும் கலந்துகொள்ளாமல் வைத்துக்கொண்டால் ஆராதனை என்ன என்பது விளங்கும். அது கச்சேரி அல்ல, காணிக்கை. கச்சேரிக்குரிய அளவுகோலைக் கொண்டுவந்து அதை அளந்தால் எல்லாமே குட்டையாகத் தெரியும். ஆனால் காணிக்கை என்று சொல்லிவிட்டதாலேயே கலையின் தராசிலிருந்து தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சுண்டல் வேகாமல் இருந்தால், பிரசாதமானாலும், பல்லுக்குத் தெரிந்துவிடுகிறதே!

பையனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. காலையில் வாசித்த நாகஸ்வரம். அதைவிட அதிகமாகத் தவில். அவன் அந்த அரைமணி நேரம் தண்ணீர் கேட்கவில்லை. இதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. நாகஸ்வரம் திறந்த வெளிக்கென்றே செய்யப்பட்ட வாத்தியம். ஆற்றங்கரையில், காலை வெயிலில், படித்துறைப் பக்கமிருந்து அதைக் கேட்கும்போது மண்டபத்துக்குள் மைக் வைத்துக் கேட்பதெல்லாம் வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி என்று தோன்றுகிறது. இந்தத் தஞ்சை ஜில்லாவின் சொந்த வாத்தியம் அது. ஆனாலும் அதை வாசித்தவர்களுக்கு நெடுங்காலம் மேடையில் உட்கார இடம் தராமல் நிற்க வைத்திருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் போன்ற ஒரு மேதை பிறந்து, மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் 1956இல் காலமானார். அவருடைய தோடியைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பிடிவாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தோடியில் எவ்வளவு சங்கீதம் உண்டோ அவ்வளவு சங்கீதம் அந்தப் பிடிவாதத்திலும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

மாட்டுப் பொங்கலன்று பெரிய கோயிலுக்குப் போனோம். அங்கே மகாநந்திக்குக் காய்கறி, பழம், பட்சணங்களால் அலங்காரம் செய்திருந்தார்கள். கத்தரிக்காயும் பூசணிக்காயும் தொங்க நந்தி பகவான் அசல் பொங்கல் மாடாகவே காட்சி கொடுத்தார். ஜனக்கூட்டம் முழுவதும் நந்தியிடம் நின்றது. நாங்கள் கூட்டத்துக்குப் பயந்து கல்வெட்டுப் பக்கம் ஒதுங்கினோம். அங்கே ஒரு சங்கதி இருக்கிறது.

1010ஆம் வருஷத்தில் இந்தக் கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன், பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை வரவழைத்துக் குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு சொல்கிறது. ஒவ்வொருத்தியின் பேர், எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அவர்களில் திருவையாற்றிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். திருப்பதியம் பாடுவதற்கு 48 பேர், உடன் வாசிக்க இரண்டு பேர் - அவர்கள் கணக்கும் தனியாக உண்டு. அரசன் பேர் வெட்டிய அதே கோயில் சுவரில் ஆடுகிறவள் பேரும் வெட்டியிருக்கிறது. என் மனைவி வெகு நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வீட்டு நம்பர் வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்களே. நம்ம ரேஷன் கார்டுல என் பேரைச் சரியா எழுதறதுக்கு எத்தனை தரம் அலைஞ்சேன்!" என்றாள்.

இந்தக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு மறுபடி திருவையாற்றுக்குப் போகிறவன் அங்கே ஒரு வித்தியாசத்தைக் காணாமல் இருக்க முடியாது. 1847ஆம் வருஷம் தியாகராஜர் சித்தியடைந்தார். பிற்காலத்தில் சிஷ்ய பரம்பரையினர் கூடி ஆராதனை நடத்தினார்கள். பின்னர் அது பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. பாட்டு, பூஜை, சாப்பாடு எல்லாவற்றிலும் போட்டி. போட்டி மும்முரத்தில் சமாதி இடிந்து பாழாய்க் கிடந்ததைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை. அதைக் கவனித்தவர் ஒரு பெண் - பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்தில் பிறந்தவர், பாடகி, வடமொழியும் தெலுங்கும் கற்ற விதுஷி. தம் சம்பாத்தியத்தைக் கொட்டி நிலம் வாங்கிக் கோயில் எழுப்பினார். 1926இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனால் அந்தக் கோயிலின் எதிரில் பாடுவதற்கு இரண்டு கட்சியும் பெண்களுக்கு இடம் கொடுக்கவில்லை. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன! நாகரத்தினம்மாள் பாடகிகளைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஓர் ஆராதனை நடத்தினார். 1940-41இல்தான் கட்சிகள் ஒன்றுபட்டு, பெண்களுக்கும் இடம் கிடைத்தது. பஞ்சரத்தின கிருதிகளை எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அந்த ஒற்றுமையோடு பிறந்தது.

ஆகவே, பஞ்சரத்தின கோஷ்டி கானத்தைச் சங்கீதமாக மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது. அது ஒரு சண்டைக்குப் பின் எழுதிக்கொண்ட ராஜிப் பத்திரம். தனித்தனியே பாடினால் யார் முதலில், யார் கடைசியில் என்ற தகராறு வரும். எல்லாரும் ஒன்றாய்ப் பாடினால் வராது. ஆண்களும் பெண்களும் எதிரெதிராக உட்கார்ந்து ஒரே சாகித்தியத்தைப் பாடுவது அழகுக்காக ஏற்பட்ட காட்சி என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு ஒரு பெண் தம் ஆயுள் சம்பாத்தியத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார்.

காணும் பொங்கலன்று கல்லணைக்குப் போனோம். ஜில்லா முழுவதும் எங்களுக்கு முன்பே வந்து புளியோதரையைப் பிரித்துவிட்டிருந்தது. கரிகாலன் பேர் சொல்லும் அணை. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இதன் அஸ்திவார நுட்பத்தை ஆராய்ந்து வியந்து, அந்தப் பாடத்தைத் தம் வேலைகளில் பயன்படுத்திக்கொண்டார். இங்கேதான் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று தண்ணீர் பிரிகிறது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. பையன் மதகு மதகாக ஓடினான். தியாகராஜர் காவிரியின் நடையைப் பற்றியே அசாவேரியில் ஒரு கிருதி செய்திருக்கிறார். அதை அன்று சாயங்காலம் பந்தலில் யாரோ ஓர் இளம்பெண் பாடினாள். பெரிய வித்வத் ஒன்றும் இல்லை. ஆனால் பகலெல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, கால் வலிக்க வந்து உட்கார்ந்த எங்களுக்கு, பாட்டின் நடையும் ஆற்றின் நடையும் ஒன்றென்று சொல்லிக்கொடுக்க யாரும் வேண்டியிருக்கவில்லை. உல்லாசப் பிரயாணமும் சங்கீதமும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்பவர்களுக்கு இதை நான் சாட்சியாக வைக்கிறேன். நாலு சுவருக்குள் எட்டு நாள் தொடர்ந்து பாட்டுக் கேட்பவனுக்குப் பாட்டு மட்டும்தான் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் வீணை செய்கிற ஒரு பட்டறைக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனேன். பலா மரம். ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை. யாளி முகம் ஒருபுறம் காய்ந்துகொண்டிருந்தது. ஓர் ஆசாரி மெழுகின் மேல் மெட்டுகளைப் பதித்துக்கொண்டிருந்தார். மொத்தம் 24 மெட்டு. ஒவ்வொன்றையும் வைத்து, தந்தியை மீட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி மீட்டி... அவர் பாட்டுக் கற்றவரல்ல. ஆனால் சுருதி ஒரு நூல் விலகினாலும் அவர் முகம் சுருங்கியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்தும் கன ராகங்கள். வீணையில் தானம் வாசிப்பதற்குப் பேர்போனவை. தியாகராஜர் பஞ்சரத்தினத்துக்கு எடுத்துக்கொண்டதும் இந்த ஐந்தைத்தான். மறுநாள் கேட்கப் போவதை அளப்பதற்கு எனக்கு ஓர் அளவுகோல் அந்தப் பட்டறையில் கிடைத்தது.

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையிலேயே ஜனம் நெரிந்தது. தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனையோடு ஊர்வலம் வந்தது. நாகஸ்வரம் முடிந்து, புல்லாங்குழலில் பைரவி ஒலித்து ஓய்ந்ததும், ஐந்து கிருதிகளும் தொடங்கின. சமாதியில் அபிஷேகம் நடக்கிறது. எதிரே நூற்றுக்கணக்கான குரல்கள்.

நாட்டையில் முதல் கிருதி ஸ்துதி. ஐந்தில் இது ஒன்றுதான் வடமொழி. மற்ற நான்கும் தெலுங்கு. ராமனுடைய குணங்களை அடுக்கிக்கொண்டு போகும் பாட்டு. அடுக்குக்குக் கூட்டம் வேண்டும். அத்தனை குரலும் சேர்ந்து ஏறும்போது மயிர் கூச்செறிகிறது என்பதில் சந்தேகமேயில்லை. பெரியம்மா கை கூப்பிவிட்டாள். பையன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது கௌளை. இங்கேதான் எனக்குக் குறை. கௌளையின் ரிஷபம் சாதாரண ரிஷபம் அல்ல. வழக்கத்தைவிடச் சற்றுக் கீழே, ஷட்ஜத்தை ஒட்டிக்கொண்டு நிற்பது. நேற்று அந்த ஆசாரி மயிரிழை தள்ளினாரே, அந்த மயிரிழையில்தான் கௌளையின் உயிர் இருக்கிறது. நானூறு குரலில் அந்த மயிரிழை எங்கே நிற்கும்? ஆளுக்கொரு ரிஷபம். எல்லாம் கலந்து ஒரு பொது ரிஷபமாகி, பொதுக் கூட்டத் தீர்மானம் போல எவருக்கும் சொந்தமில்லாமல் ஒலித்தது. ராகம் மட்டுமல்ல விஷயம். இந்தக் கிருதியில் தியாகராஜர் தம்முடைய குற்றங்களைத் தாமே ஒன்றொன்றாகச் சொல்லிக் கூசுகிறார். மனுஷன் தன்னந்தனியாகச் செய்ய வேண்டிய காரியம் அது. அதை டெலிவிஷன் காமிரா எதிரில், பட்டுப்புடவையும் ஜரிகை வேஷ்டியுமாக, கையில் தாளம் போட்டுக்கொண்டு உற்சாகமாகப் பாடுகிறோம்.

மூன்றாவது ஆரபி. ராகமே துள்ளுகிற ராகம். கண்ணனைச் செல்லமாக இடித்துரைக்கும் பாட்டு. கேலி செய்வதற்குக் கூட்டம் இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்பது கல்யாண வீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆரபி ஜெயித்தது.

நான்காவது வராளி. பார்க்கப் பார்க்கத் திகட்டாத ராமனுடைய அழகு. வராளியை நேரே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. என் பெண்ணின் பாட்டு வாத்தியார் அம்மாள்கூட, "நான் பாடிட்டே இருக்கேன், நீ கேட்டுக்கோ" என்று சொல்லித்தான் பாடிக் காட்டினாராம். ஆகவே இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்டே கற்றவர்கள். அப்படிக் கற்றதைச் சேர்ந்து பாடுவது ஒருவகையில் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் ஒருவன் ஒருவனை ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பது என்பது, கௌளையின் கூச்சத்தைப் போலவே, அந்தரங்கமான விஷயம். அது பந்தலில் கரைந்துதான் போயிற்று.

ஐந்தாவது ஸ்ரீராகம். மகான்களை வரிசையாக நினைத்து வணங்கும் பாட்டு. இதை எல்லாரும் சேர்ந்து பாடுவதைவிடப் பொருத்தமாக வேறு எதையும் சொல்ல முடியாது. அந்த வணக்கம் ஒருவரோடு நின்றுவிடுவதல்ல. சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் சிலை கைகூப்பி உட்கார்ந்திருக்கிறது. அவர் 1952இல் மறைந்தார். அவரையும் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஸ்ரீராகம் பாடும்போது அந்தச் சிலையைத் திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள் என் மனைவி. ஒரு கை விரல் போதுமாயிருந்தது.

ஆகக் கூடி, ஐந்தில் மூன்று கூட்டத்துக்கு ஏற்றவை, இரண்டு ஏற்காதவை. இது என் அபிப்பிராயம். இதைக் குடும்பத்தின் முன் வைத்துப் பரீட்சை பண்ணிப் பார்த்தேன். திரும்பி வருகிற வழியில் பெரியம்மாவுக்கு ஐந்து பாட்டின் அர்த்தத்தையும் சொன்னேன். பந்தலில் யாரும் தமிழில் சொல்லவில்லை. அவளுக்குத் தெலுங்கு தெரியாது. மற்றதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தவள் கௌளையில் நிறுத்தினாள்.

"என்ன சொன்னே? செஞ்ச தப்பையெல்லாம் சொல்லி அழுவறாரா?"

"ஆமாம் பெரியம்மா."

"அதையா இத்தினி பேரு கூடிப் பாடினாங்க? அதெல்லாம் ராத்திரி விளக்கை அணைச்சிட்டு இல்ல சொல்லுவாங்க!"

எழுபது வயது. ஸ்வரம் எது, தாளம் எது என்று தெரியாதவள். ரிஷபத்தை வைத்துக்கொண்டு நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவள் விளக்கை வைத்துச் சொல்லிவிட்டாள்.

இதில் பாஷையின் பிரச்னையும் கலந்திருக்கிறது. 1946இல் தண்டபாணி தேசிகர் இந்த ஆராதனையில் தமிழ்ப் பாட்டுப் பாடியதை ஒட்டி எழுந்த சச்சரவு தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. தியாகராஜர் சந்நிதியில் தியாகராஜர் பாட்டைப் பாடுவது முறைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் தவிர வேறு தெரியாதவர்கள். அர்த்தம் தெரியாமலே கை கூப்புகிறார்கள். அந்த மனிதர் தம் குறைகளைச் சொல்லி மனம் நொந்து நிற்கிற இடத்திலும் கை கூப்பி ஆனந்தப்படுகிறார்கள். சங்கீதத்துக்குப் பாஷை இல்லை என்று சமாதானம் சொல்வார்கள். பாஷை வேண்டாம் என்றால் தியாகராஜர் சாகித்தியம் எதற்காகச் செய்தார்? வெறும் ஸ்வரத்தோடு நிறுத்தியிருக்கலாமே. அவர் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடிக்கொண்டு போன தெருக்களில் இருந்தவர்களிடம் அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குக் கிளம்புவதற்குமுன் பெரியம்மா என் பெண்ணைக் கூப்பிட்டு, "அந்த அழுவற பாட்டை எனக்குத் தனியாப் பாடிக் காட்டு கண்ணு" என்றாள். பெண் முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பாடினாள். தம்புரா இல்லை. கொல்லையில் மாடு கத்திற்று. முதல் சரணத்தில் ரிஷபம் சற்று ஏறிவிட்டது. அவளே நிறுத்தி, இறக்கிப் பாடினாள். பாதியில் என் மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். பையன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் மாட்டாமலே உட்கார்ந்திருந்தான். அவள் குரல் பெரிய குரல் அல்ல. பஞ்சமிப் பந்தலில் அது கால்தூசுக்குக் காணாது. ஆனால் அங்கே கேட்காத கௌளை இங்கே கேட்டது.

இதற்காகக் கோஷ்டி கானத்தை நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனையோ பேரை வெளியே நிறுத்தி வைத்த சங்கீதம், எல்லாரையும் உள்ளே விட்டுக்கொண்ட ஒரு நாள் அது. அதை இழக்கக்கூடாது. நான் கேட்பது கொஞ்சம்தான். பஞ்சமிக்கு முதல் நாள் இரவு, கடைசிக் கச்சேரியாக, ஒரே ஒரு குரல் கௌளையையும் வராளியையும் நிதானமாகப் பாடட்டும். இருபது நிமிஷக் கணக்கு அன்றைக்கு மட்டும் வேண்டாம். பாடுவதற்குமுன் யாராவது ஒருவர் எழுந்து நல்ல தமிழில், பெரியம்மாவுக்குப் புரிகிற மாதிரி, பொருளைச் சொல்லட்டும். நாகரத்தினம்மாள் யார் என்றும் நாலு வார்த்தை சொல்லட்டும். மறுநாள் காலையில் நானூறு பேர் பாடும்போது, கேட்கிற ஜனம் அந்த ஒற்றைக் குரலை மனசில் வைத்துக்கொண்டு கேட்கும்.